லாசர் எழுதிய பாய்கள்

பட்டினப்பாக்கத்துக் குப்பத்தில் பிறந்த ஓர் ஆண்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போனால் அவனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? லாசருடைய அப்பா மூன்று தடவை முயன்று பார்த்தார். மூன்று தடவையும் கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் அவனுக்குக் குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி. கடைசித் தடவை மரத்தின் மேலேயே மயங்கி விழுந்துவிட்டான். அன்றைக்கு வலை நனையாமல் திரும்ப வேண்டியதாயிற்று. நாலாவது தடவை அப்பா கூப்பிடவில்லை. குப்பத்தில் அதற்காக யாரும் அவனைத் திட்டவும் இல்லை. பஞ்சாயத்து கூடும்போது கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். கடலுக்குப் போகாதவனிடம் கடலைப் பற்றி என்ன கேட்பது?

லாசர் மயிலாப்பூருக்கு நடந்துபோய் வெள்ளையடித்தான். சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தவன் மெல்லக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதத் தொடங்கினான். கை நன்றாக ஓடியது. எழுத்தின் ஓரத்தில் ஒரு கொடி, கொடியில் ஒரு கிளி என்று கேட்காமலே சேர்த்துவிடுவான். கடைக்காரர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பழைய உருவங்கள் என்றால் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். ஏணியில் நின்றபடியே கபாலி கோயில் கோபுரத்து மயில்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். டிசம்பரில் பரங்கிமலைத் திருவிழாவுக்குப் போனால் மற்றவர்கள் முழந்தாளிட்டு ஜெபித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இவன் மட்டும் அந்தப் பழைய கல் சிலுவையையும் அதன் உச்சியில் இருக்கும் புறாவையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பான். செதுக்கினவன் பேர் தெரியாது, ஊர் தெரியாது, எந்தக் காலத்து ஆள் என்றும் தெரியாது. பறவை மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறதே என்று அவனுக்குப் புல்லரிக்கும்.

1926-இல் குப்பன் தன் கட்டுமரத்துக்குப் புதுப்பாய் வாங்கினான். குப்பன் லாசரோடு மணலில் உருண்டு வளர்ந்தவன். அப்போதெல்லாம் கட்டுமரத்துப் பாய்கள் மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து ஒரே பழுப்பு நிறமாக இருக்கும். விடியலுக்கு முன்னால் நிலக்காற்றில் போகிற மரங்கள் உச்சிப்பொழுதில் கடல்காற்றில் திரும்பும். கரையில் நிற்கிற பெண்கள் பாயில் போட்டிருக்கும் ஒட்டுகளைப் பார்த்து வருகிறவன் யாரென்று கண்டுகொள்வார்கள். அதுவும் கிட்டத்தில் வந்தால்தான். அதுவரைக்கும் ஒருத்தியும் தண்ணீரோரத்தை விட்டு நகர மாட்டாள். புதுப்பாயில் ஒட்டு ஏது? குப்பன் மனைவி முத்தம்மா முதல் நாளே முறைத்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி கீது. இதுல எங்கூட்டு மரத்தெ நான் எப்டிக் கண்டுக்கிறது?"

குப்பன் லாசரிடம் வந்தான். "ஒரு அடையாளம் போட்டு வுடு நைனா. இல்லாங்காட்டி வூட்டுல சோறு கெடைக்காது."

ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தால் போதும். நம்ம லாசர் விடுவானா? மணலில் பாயை விரித்துப்போட்டு நாலு நாள் உட்கார்ந்து எண்ணெயில் குழைத்த வெள்ளையால் ஒரு மயில் எழுதினான். தோகையில் கண் கண்ணாக, கழுத்தில் இறகு இறகாக. குப்பமே வந்து சுற்றி நின்று பார்த்தது. அடுத்த வாரம் வேதநாயகம் தன் பாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அவருக்குப் பரங்கிமலைப் புறா. கல்லில் இருக்கிற புறாவுக்கு இறகே கிடையாது. லாசர் பாவம் பார்த்து அதற்கும் இறகு வைத்தான். பிறகு ஒருவருக்குச் சங்கு, இன்னொருவருக்கு மீன், இன்னொருவருக்கு அன்னம். ஒன்பது மரமும் ஒன்பது படமுமாகக் குப்பம் லாசரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பஞ்சாயத்துக்கு அவனுக்கும் ஆள் வந்தது. அன்றைக்கு அவன் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனான்.

மறு வருஷம் ஐப்பசியில் வந்தது வினை.

விடியலில் வானம் சாதாரணமாகத்தான் இருந்தது. மரங்கள் போய் இரண்டு நாழிகைக்கெல்லாம் வடகிழக்கில் இருட்டிக்கொண்டு வந்து காற்று பிய்த்து உதறியது. ஏழு மரங்கள் எப்படியோ முட்டி மோதிக் கரை சேர்ந்துவிட்டன. குப்பனும் வேதநாயகமும் வரவில்லை. குப்பம் முழுவதும் கரையில் நின்றது. முத்தம்மாவும் வேதநாயகத்தின் மனைவி அந்தோணியம்மாளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். லாசர் அவர்களுக்குப் பின்னால்.

வெகு நேரம் கழித்து ஒரு பாய் தெரிந்தது. ஒரே ஒரு பாய். அதில் வெள்ளையாக ஒரு பறவை.

"மயிலு," என்றாள் முத்தம்மா. "எங்க மயிலு."

அந்தோணியம்மாள் கையை விட்டுவிட்டு மணலில் சரிந்து உட்கார்ந்தாள். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அவள் வைத்த ஒப்பாரியில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் அழுதுவிட்டார்கள். முத்தம்மா குனிந்து அவளைக் கட்டிக்கொண்டு, "அயாதம்மா, ஒங்கூட்டுக்காரரும் வந்துருவாரு," என்று சொல்லிவிட்டு, எழுந்து தண்ணீருக்குள் ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

மரம் கடைசி அலையில் ஏறியது. பாய் திரும்பியது. பறவைக்குத் தோகை இல்லை.

காற்றில் புடைத்துச் சுருட்டிக்கொண்ட பாயில் எந்தத் தோகை தெரியும்? மயிலும் ஒரு வெள்ளைப் புள்ளிதான், புறாவும் ஒரு வெள்ளைப் புள்ளிதான். மரத்திலிருந்து குதித்த வேதநாயகத்துக்கு எதிரே நின்றவள் முத்தம்மா. அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. பிழைத்து வந்தவர் ஏதோ குற்றம் செய்தவரைப்போலத் தலையைக் குனிந்துகொண்டார். முத்தம்மா மெதுவாகக் கரையேறி வந்தாள். லாசரைத் தாண்டித்தான் போனாள். நாலு வசவு வைதிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று நாள் லாசர் சாந்தோம் கோயிலில்தான் கிடந்தான். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் குப்பன் கிழிந்த பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெற்கேயிருந்து நடந்து வந்தான். காற்று அவனைக் கோவளம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பாய் கிழிந்து தொங்க, அங்கே ஒரு குப்பத்தார் இழுத்துப்போட்டுக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். செய்தி கேட்டதும் லாசர் பீடத்துக்கு முன்னால் குப்புற விழுந்து அழுதான். வயிற்றில் பால் வார்த்தாயே தாயே என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

ஆனால் நடந்தது நடந்ததுதானே. பஞ்சாயத்து கூடியது. தலைவர் எட்டியப்ப நாட்டார் அதிகம் பேசுகிறவர் அல்ல. அந்தோணியம்மாள்தான் பேசினாள்.

"ஒரு நாழி நேரம் என்னெ தாலியறுத்தவளா ஆக்கிட்டான். அந்த ஒரு நாழியெ யாரு எனக்குத் திருப்பித் தருவாங்க? முத்தம்மா பட்டதுக்கு யாரு பதில் சொல்லுவாங்க?"

லாசர் எழுந்து நின்றான். நாட்டார் சொன்னார்: "இனிமே எந்தப் பாயிலயும் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. லாசரு பாயெத் தொடக்கூடாது."

ஒன்பது பாயையும் மறுபடி சாயத்தில் முக்கினார்கள். அடுப்பெரித்ததும் பட்டை காய்ச்சியதும் லாசர்தான். தன் மயிலைத் தானே முக்கி எடுத்தான். அதற்குப் பிறகு அவனைப் பஞ்சாயத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. அவன் விடியலில் எழுந்து மயிலாப்பூர் போவான், இருட்டுவதற்குள் வந்து படுத்துக்கொள்வான். பலகையில் எழுத்தை மட்டும் எழுதினான். கொடியும் கிளியும் நின்றுபோயின.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு நாள் தெற்கு மாடவீதியில் ஏணிமேல் நின்று ஒரு வெற்றிலைக் கடைக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தான். கீழே மீன்வாசனை அடித்தது. முத்தம்மா, ராயப்பேட்டைப் பக்கம் விற்று முடித்த காலிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசாதவள்.

"லாசரு, எறங்கு. பேசணும்."

தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தான். "சொல்லுக்கா."

"அன்னிக்கி நான் மயிலுன்னு சொன்னேன் பாரு, அது தப்பு. ஆனா அந்தக் கொஞ்ச நேரம் எப்டி இருந்துச்சு தெரிமா? மரம் அவ்ளோ தூரத்துல கீது, எனக்கு நெஞ்சு அப்டியே எறங்கிடுச்சு. மத்த நாள்ல மரம் மண்ணுல முட்டுற வரைக்கும் நெருப்பெ முழுங்கினாப்ல நிக்கிறோம். ரெண்டு வருசமா இதையேதான் யோசிச்சுகினு கீறேன். அது மட்டும் நெசமா இருந்தா எவ்ளோ நல்லாருக்கும். நீ தப்பா வரைஞ்சுட்டே. சரியா வரை."

"நாட்டார் வுட மாட்டாருக்கா."

"அவுர நான் பாத்துக்கிறேன். நீ மொதல்ல எனக்குத் தெரியற மாதிரி வரை. வெய்யில்ல தெரியணும், மய பெய்றப்பவும் தெரியணும். கண்ணுல தண்ணி நிக்கும்போது தெரியணும். அதான் முக்கியம்."

சொல்லிவிட்டுக் கூடையை மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டாள். லாசர் அப்படியே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் கூப்பிட்டது காதில் விழவில்லை. யாரைப் பார்க்க முகமில்லாமல் இரண்டு வருஷம் தலைமறைவாகத் திரிந்தானோ, அவளே வந்து கூப்பிட்டுக் கையில் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று அவனுக்கு ஆச்சரியம் மாளவில்லை.

மறுநாளிலிருந்து அவன் செய்த முதல் வேலை, எதுவும் வரையாமல் இருந்தது. உச்சிப்பொழுதில் கரையில் போய் நின்று காற்றுக் குடித்த பாயைப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது. மணலில் விரித்த பாய் வேறு, கடலில் வருகிற பாய் வேறு. நடுவில் பானை மாதிரி புடைக்கும். ஓரங்கள் உள்ளே மடிந்துகொள்ளும். அதில் எது மிஞ்சும்? பெரிதாக, ஒற்றையாக, நடுவில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும்.

எதை வரைவது என்பதைக் குப்பன் சொன்னான், சொல்கிறோம் என்று தெரியாமலே. ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் புயலில் எப்படித் திசை தெரிந்தது என்று லாசர் கேட்டான்.

"மொதல்ல ஒண்ணும் தெர்ல," என்றான் குப்பன். "அப்பால மய கொஞ்சம் வுட்டுச்சு. சாந்தோம் கோயில் கூரு மட்டும் ஊசியாட்டம் தெரிஞ்சுச்சு. தோ கீது நம்ம ஊருன்னு அதெப் பாத்துத்தான் துடுப்பு போட்டேன். கை வலிக்க வலிக்கப் போட்டேன். காத்து என்னெத் தெக்கால இஸ்துகினு போச்சு. ஆனா அதெப் பாத்தப்புறம் எனக்குப் பயம் இல்லெ."

பிறகு விரலால் மணலில் கீறிக் காட்டினான். கடலிலிருந்து பார்த்தால் ஊர் எப்படி இருக்கும் என்று. இடது பக்கம் அடையாற்றின் வாய், இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு வெளி. அதற்கும் அந்தப் பக்கம் அடையாற்றுச் சங்கத்தாரின் தோப்பு, ஒரு கறுப்பு உருண்டை. பின்னால் தூரத்தில் பரங்கிமலை. வலது பக்கம் கபாலி கோபுரம், சாந்தோம் கூர், அதையும் தாண்டி இரட்டைப் பனை. இந்த இந்த மீனுக்கு இன்ன இடம் என்பதையும் கோபுரம் மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

லாசர் அந்த மணல் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷமாக வாழ்ந்த ஊர். ஊரின் முகம் கடல் பக்கம் இருக்கிறது, அதை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. குப்பத்து ஆண்கள் எல்லாரும் தினமும் பார்க்கிறார்கள். பெண்கள் ஒருத்தியும் பார்த்ததில்லை. ஆண்கள் எதைப் பார்த்துத் திரும்பி வருகிறார்களோ அதையே பாயில் எழுதினால் என்ன? அவன் கூரைப் பார்த்துத் துடுப்புப் போடட்டும், அவள் கூரைப் பார்த்து அவன்தான் என்று தெரிந்துகொள்ளட்டும். அன்றைக்கு லாசருக்குத் தூக்கம் வரவில்லை.

எழுதியது சரியாக வந்ததா என்று பார்ப்பது எங்கே? கரையில் சோதித்தால் நாட்டார் காலை ஒடித்துவிடுவார். அதனால்தான் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் அந்தக் கூத்து நடந்தது. மூங்கிலை வில்லாக வளைத்து அதில் சாயம் தோய்த்த துணியைக் கட்டி, புடைத்த பாய் மாதிரி செய்துகொண்டு, லாசர் குளத்தின் ஒரு மூலையில் தெருவில் நின்று தூக்கிப் பிடிப்பான். கோணத்தில் எதிர்மூலையில் மீன்கூடையோடு முத்தம்மா. நடுவில் அவ்வளவு பெரிய தெப்பக்குளம். அவளுக்கு என்ன தெரிகிறதோ அதைக் கத்திச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் பரங்கிமலையை, மேலே இருக்கிற கோயிலோடும் ஏறிப்போகிற படிகளோடும் அழகாக எழுதிக் கொண்டுவந்து பிடித்தான்.

"எருமெ," என்று எதிர்மூலையிலிருந்து குரல் வந்தது.

தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். மறுநாள் ஏழு நிலைக் கோபுரம், பொம்மைகளோடு.

"மக்காச்சோளம்."

லாசர் ஒவ்வொரு நாளும் எதையாவது எடுத்தான். படியை எடுத்தான், பொம்மையை எடுத்தான், நிலைகளைக் குறைத்தான். எடுக்க எடுக்கத்தான் தெரிந்தது. பரங்கிமலைக் கல்லில் புறாவைச் செதுக்கின அந்தப் பேர் தெரியாத மனுஷன் ஏன் ஓர் இறகுகூட வைக்காமல் ஒரே வளைவில் நிறுத்தினான் என்பது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் உறைத்தது. கோயிலின் கடைசி வரிசையில் நிற்கிற கிழவிக்கும் தெரியட்டும் என்றுதான் நிறுத்தியிருக்கிறான். அவனுக்கு மிஞ்சினவனா நான், இறகு வைக்கக் கிளம்பினேனே என்று லாசர் தன் தலையில் தானே குட்டிக்கொண்டான்.

இந்தக் கூத்தை நாலைந்து நாளாக ஒருவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பராமன் என்று, வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு நாள் பொறுக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டார்.

"என்னப்பா பண்ணிண்டிருக்கே? தினம் துணியைத் தூக்கிப் பிடிக்கறே, அந்தப் பொம்மனாட்டி எருமைங்கறா, சோளங்கறா. கோர்ட்டுக்குப் போனாக்கூட அதே ஞாபகமா இருக்கு."

லாசர் சொன்னான். மயிலையும் புறாவையும் சொன்னான். கண்ணில் தண்ணீர் நிற்கும்போது தெரிய வேண்டும் என்று முத்தம்மா கேட்டதையும் சொன்னான். சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"இதோ பார். இது இல்லேன்னா ஆத்துக்காரியையே நான் குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். நான் அந்த மூலையிலே போய் நிக்கறேன். என் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னா அழறவா கண்ணுக்கும் தெரியும்."

முத்தம்மாவுக்குப் பக்கத்தில் நாலு முழம் தள்ளி அவர் போய் நின்றார். மாடவீதியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம், கோர்ட்டு இல்லாத நாளெல்லாம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு நாள் ஒன்பது துணியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்க, முத்தம்மாவும் அவரும் ஒரே குரலில் ஒன்பதையும் சரியாகச் சொன்னார்கள். மலை. கோபுரம். ஊசி. தோப்பு. ஆத்துவாய். பனை. மிச்சம் மூன்றும் வானத்திலிருந்து எடுத்தது, சூரியன், பிறை, விடிவெள்ளி. லாசர் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான்.

"எழுந்திருப்பா, எழுந்திரு. நேக்கு இந்தக் கண்ணாலே ஒரு பிரயோஜனம் உண்டுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்றார் சுப்பராமன்.

நாட்டாரை முத்தம்மா எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்பது தனிக் கதை. குப்பத்துப் பெண்கள் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள் என்று மட்டும் தெரியும். நாட்டார் இறங்கி வந்தார், ஆனால் முழுவதும் இறங்கவில்லை. லாசரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்.

"எழுது. ஆனா ஒரு தபா, ஒரே ஒரு பொம்பளெ தப்பாக் கூவினாலும் முடிஞ்சுது. பாயி மட்டும் இல்லெ, இந்தக் குப்பத்துலயே நீ இருக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றான் லாசர்.

எந்தப் படம் யாருக்கு என்பதில் ஒரு சிறு ரகளை. கோபுரம் தனக்கு என்றார் வேதநாயகம். அந்தோணியம்மாள் திகைத்துப் போனாள். "நாம வேதக்காரங்க, நமக்கு எதுக்கு கோபுரம்?" வேதநாயகம் அசையவில்லை. "எனக்கு வஞ்சிர மீன் குடுத்ததெல்லாம் அந்தக் கோபுரத்துக் குறிதான். அதெ வுட்டா எனக்கு நன்றி இல்லெ." குப்பன் ஊசியைத்தான் எடுப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படி அம்மன் கும்பிடுகிறவன் பாயில் மாதா கோயில் கூரும், மாதாவைக் கும்பிடுகிறவர் பாயில் கபாலி கோபுரமும் ஏறின. லாசர் இந்த முறை வெள்ளையைக் கெட்டியாகப் பூசவில்லை. மெல்லிசாகக் குழைத்துக் கந்தையால் தேய்த்துத் தேய்த்துத் துணிக்குள் ஏற்றினான். ஒரு பாய்க்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள், "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு வருஷம் ஒன்றும் தவறவில்லை. நல்ல வெயிலில் தவறாது என்பது லாசருக்கும் தெரியும், நாட்டாருக்கும் தெரியும். எல்லாரும் ஐப்பசிக்காகக் காத்திருந்தார்கள்.

முதல் ஐப்பசி சாதுவாகப் போயிற்று. 1931 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காற்று புரண்டது. காலை பத்து மணிக்கே விளக்கேற்றலாம் போல இருட்டு. லாசர் மயிலாப்பூரில் ஏணியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். கரையில் குப்பம் முழுவதும் நின்றது. நாட்டார் அவனைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"தோப்பு," என்றாள் ஒருத்தி. வெகு தூரத்தில் ஒரு பழுப்புத் துணுக்கு, அதில் ஒரு வெள்ளை உருண்டை. மரம் கரை முட்டியது. சரிதான், அவளுடைய புருஷன்தான். பிறகு பனை. பிறகு ஆத்துவாய். பிறை, சூரியன், மலை, விடிவெள்ளி. ஒவ்வொரு தடவையும் ஒருத்தி முன்னால் வந்து சொல்வாள், மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மரம் வந்து சேரும். ஒவ்வொரு தடவையும் லாசருக்கு உயிர் போய் வந்தது.

ஏழு வந்தாயிற்று. அதே இரண்டு மரங்கள் பாக்கி. அதே இரண்டு பெண்கள் முன்னால் நின்றார்கள். இது என்ன சோதனை என்று லாசர் மனசுக்குள் கேட்டுக்கொண்டான்.

எட்டாவது பாய் தெரிந்தது. அந்தோணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போனவள், கையைக் கீழே விட்டுவிட்டாள். கண்ணீரோடேயே பார்த்தாள்.

"கோபுரம்," என்றாள்.

முத்தம்மா தலையை ஆட்டினாள். "ஆமா, கோபுரந்தான். எங்களுது இல்லெ."

வேதநாயகம் கரையேறினார். அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். புருஷனோடு வீட்டுக்குப் போகவில்லை, முத்தம்மா பக்கத்திலேயே நின்றாள். மழை கண்ணில் அறைந்தது. ஒரு நாழிகை போயிற்று. இன்னும் ஒன்றும் இல்லை. நாட்டார் லாசரின் தோளில் கையை வைத்தார். அது ஆறுதலுக்கா, வெளியேறத் தயாராக இரு என்பதற்கா என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் அதைப் பற்றி நினைக்கவும் இல்லை. கடவுளே, என்னை எங்கே வேண்டுமானாலும் துரத்து, அந்த மனுஷனை மட்டும் கொண்டுவந்து விடு என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

"ஊசி," என்றாள் முத்தம்மா.

லாசர் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடலும் வானமும் கலந்து ஒரே சாம்பல் நிறம்.

"எங்க?" என்றார் நாட்டார்.

"தோ. மெல்லிசா."

நாட்டார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நொரையா இருக்கப்போவுது முத்தம்மா. நல்லாப் பாரு. அவசரப்படாத."

"எங்கூட்டு ஊசி," என்றாள் முத்தம்மா. சத்தமே இல்லை அந்தக் குரலில். நனைந்த புடவையைப் பிழிந்து உதறினாள், கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குடிசைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற? மரம் இன்னும் கரைக்கே வர்ல."

"பசியோட வரும் அது. வர்றதுக்குள்ள ஒலெ வெக்கிறேன்."

லாசருக்கு முன்னால் வந்தபோது நின்றாள். "ஒனுக்கும் சேத்துதான் போடறேன். துன்னுட்டுப் போ," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அத்தனை பேருக்கு நடுவில், நாட்டார் தோளைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். நாட்டார் அவனைப் பிடித்துக்கொண்டே கடலைப் பார்த்தார். இப்போது அவர் கண்ணுக்கும் அது தெரிய ஆரம்பித்தது.

கட்டுமரம் கரையில் வந்து முட்டியபோது முத்தம்மா சோறு வடித்து முடித்திருந்தாள்.